முதல் காற்புள்ளி வரை

ஒரு மனிதர் எங்கே குடியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியும் என்ற தவறான எண்ணம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவி வந்தது. 1991ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த எண்ணம் முறைப்படி நீக்கப்பட்டது.

ரந்தாவுக்குப் பக்கத்தில் சுங்கை கெலாடி என்று ஒரு ரப்பர்த் தோட்டம். நாற்பத்தேழு குடும்பங்கள், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளாக ஏழு லயன்கள், ஒரு கோயில், ஓர் அலுவலகம். தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் கோல்ஃப் திடல் போடுவதாக இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அதுதான் நாகரிகம். ஊருக்கு ஊர் புல் வளர்த்தார்கள். வளர்த்த புல்லில் குழி தோண்டினார்கள். லயன்களை ஜூன் முப்பதாம் தேதி இடிப்பதென்று முடிவாயிற்று. இடிபடும் வீடு ஒன்றுக்கு ரந்தாவ் சாலையோரத்தில் புதிய மலிவுவிலை வீடு ஒன்று என்று ஏற்பாடு. நாற்பத்தேழு வீடு இடிபடும். நாற்பத்தேழு வீடு கொடுக்க வேண்டும். விஷயம் இவ்வளவு எளிதாக இருந்ததால், அதைக் கவனிக்க ஒரு தனி இலாகா தேவைப்பட்டது.

தோட்டக் குடியிருப்பாளர் மறுகுடியமர்வு ஒருங்கிணைப்பு மேற்பார்வை இலாகா என்பது அதன் பெயர். சிரம்பானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. பெயர் நீளமாகையால் இரண்டு கதவுகளின் குறுக்கே எழுதியிருந்தார்கள். வலது கதவைத் திறந்து வைத்தால் மேற்பார்வை மறைந்துவிடும். வெயில் காலத்தில் அதைத் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

அந்த இலாகாவுக்குக் கணினி வந்தது. சிரம்பானில் அப்போது எல்லாவற்றுக்கும் கணினி வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஜாதகம் பார்த்தார்கள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கண்ணைப் பார்த்தார்கள். ஒரு முடிதிருத்தும் கடையில் ‘கம்ப்யூட்டர் கட்டிங்’ என்று வெளியே எழுதிவிட்டு உள்ளே பழைய கத்தரியால் வெட்டினார்கள். ஒரு வெள்ளி அதிகம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், வித்தியாசம் தெரிகிறது என்றே சொன்னார்கள்.

இலாகாவின் கணினிக்குப் பொறுப்பானவர் திரு. இராஜமாணிக்கம். கோலாலம்பூரில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றவர். சான்றிதழைச் சட்டம் போட்டு, கணினிக்கும் தெரியும்படி அதன் எதிரே மாட்டியிருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். தம் வேலையைக் காதலித்தார் என்றே சொல்லலாம்.

கணினிக்குள் இரண்டு சேவகர்கள் இருக்கிறார்கள் என்று அவர் பயிற்சியில் கற்றுக்கொண்டார். ஒருவன் தேடுகிறவன். ஒரு நீண்ட வரியைக் கொடுத்து, இதில் இன்ன குறி எங்கே என்று கேட்டால், பதினெட்டாவது இடத்தில் என்று எண்ணிச் சொல்வான். மற்றவன் வெட்டுகிறவன். முதல் எழுத்திலிருந்து பதினேழு எழுத்து என்றால் அதை மட்டும் நறுக்கென்று வெட்டிக் கையில் கொடுப்பான். இருவருக்கும் தாங்கள் தேடியதையோ வெட்டியதையோ படித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. உத்தியோகத்துக்கு வேண்டிய எல்லாத் தகுதிகளும் அவர்களிடம் இருந்தன.

இராஜமாணிக்கம் ஒரே ஒரு கட்டளை எழுதினார். முகவரியில் முதல் காற்புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடு, அதற்கு முன்னால் உள்ளதை வெட்டி எடு, அதுவே வீடு. வெட்டியவற்றில் ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக எண்ணு. தாம் குடியிருந்த வீட்டுவரிசையான தாமானில் உள்ள இருபது வீடுகளை வைத்துச் சோதித்தார். எண் 12, காற்புள்ளி, இன்ன சாலை. எண் 14, காற்புள்ளி, இன்ன சாலை. இருபதுக்கு இருபது சரியாக வந்தது. இதற்குமேல் ஒரு மனிதர் எப்படிச் சோதிக்க முடியும்?

தோட்டத்தில் தபால்காரர் லயனுக்குள் வருவதில்லை. அலுவலகத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது தோட்டத்து எழுத்தரான கிராணி நல்லசாமி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆகவே அவர் எல்லாருடைய முகவரியையும் ஒரே மாதிரிதான் எழுதி வைத்திருந்தார்: மே/பா தோட்ட அலுவலகம், லயன் 6, கதவு 14, சுங்கை கெலாடி தோட்டம், ரந்தாவ். லயனும் கதவும் ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகம் மாறாது.

தேடுகிறவன் தேடினான். வெட்டுகிறவன் வெட்டினான். நாற்பத்தேழு முறையும் ‘மே/பா தோட்ட அலுவலகம்’ என்றே வந்தது. ஒரே மாதிரி இருந்தவை ஒன்றாக எண்ணப்பட்டன. சுங்கை கெலாடியில் இடிபடும் வீடு ஒன்று. அதில் வசிப்போர் நூற்று எண்பத்தெட்டுப் பேர். ஒதுக்கப்படும் புதுவீடு ஒன்று.

கடிதம் அலுவலகத்துக்குத்தான் வந்தது. நல்லசாமி அதைப் பெரட்டில் வாசித்தார். வாசித்து முடித்ததும் முதலில் பேசியவர் முத்தாயி. ஐம்பது வயது, முப்பத்து மூன்று வருடமாகப் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர். மேற்படி ஆறாம் லயன் பதினாலாம் கதவு அவருடையது. உள்ளே கணவரை இழந்த மகள், இரண்டு பேரப்பிள்ளைகள், மகள் ரவிக்கை தைக்கும் ஒரு தையல் இயந்திரம். இவ்வளவையும் ஜூன் முப்பதுக்குள் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவருடைய அரசியல் கொள்கை அவ்வளவுதான்.

“ஏன் கிராணியாரே, நாங்க எல்லாரும் உங்க ஆபீசுலயா குடியிருக்கோம்?”

“ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது.”

“எங்கள அங்க நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் அஞ்சு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுறேன்லா,” என்றார் நல்லசாமி. “அதுக்கப்புறம் யாரு வர்றா, யாரு போறான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பதினெட்டு வருட அலுவலக அனுபவம் அந்தப் பதிலில் இருந்தது.

மறுநாளே முத்தாயி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நல்லசாமியையும் இழுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினார். இராஜமாணிக்கம் இருவரையும் உட்காரவைத்து, கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். காற்புள்ளியை இலாகாவில் கமா என்பார்கள்.

“லயன் ஆறு, கதவு பதினாலுன்னு இதுலயே இருக்கே சார்,” என்றார் முத்தாயி. தமிழும் எண்களும் அவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

“இருக்கும்மா. இல்லேன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா அது முதல் கமாவுக்கு அப்புறம் இருக்கு.”

“அப்புறம் இருந்தா என்ன?”

“கமாவுக்கு அப்புறம் இருக்கிறது இலாகாவுக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுதே.”

“எனக்குத் தெரியுது,” என்று இராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டார். “நான் சொந்த முறையில பாக்குறேன்.”

முத்தாயி திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார். “நாங்களும் வெட்டுறவங்கதான் சார். கத்திய வைக்கிறதுக்கு முன்னாடி மரத்த ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் வைப்போம். பாக்காம வெச்சா மரம் போச்சு.”

“அது பழைய முறைம்மா,” என்றார் அவர் பரிவோடு.

முகவரியை மாற்ற வழி உண்டா என்று நல்லசாமி கேட்டார். உண்டு. அதற்கொரு பாரம் இருந்தது. பாரத்தை நிரப்பினால் இலாகாவிலிருந்து புதிய முகவரிக்கு ஓர் உறுதிக் கடிதம் வரும். அதை அந்த முகவரியிலேயே பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முத்தாயி நிரப்பினார். பத்து நாளில் கடிதம் வந்தது. தபால்காரர் வழக்கம்போல் அலுவலகத்தில் போட்டார். நல்லசாமி வழக்கம்போல் வாங்கி, முத்திரை குத்தி, பெரட்டில் கொடுத்தார். கையெழுத்தாகித் திரும்பி வந்த கடிதத்தில் முத்திரையைக் கண்ட இலாகா, முத்தாயி தம் கடிதங்களை அலுவலகத்தில் பெற்றுக்கொள்வது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்று கோப்பில் எழுதி, அவர் அங்கேதான் வசிக்கிறார் என்பதைச் சிவப்பு மையில் உறுதி செய்தது.

அடுத்து நேரடிச் சோதனை அறிவிக்கப்பட்டது. மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இராஜமாணிக்கம் தோட்டத்துக்கு வருவார். பதிவில் உள்ள முகவரியில் இல்லாமல் வேறிடத்தில் காணப்படுவோர், பொய்த் தகவல் தந்தவர்களாகக் கருதப்பட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவர்.

அதாவது, வீடு வேண்டுமென்றால் வீட்டில் இருக்கக் கூடாது.

தோட்ட நிர்வாகியான துரை விடுப்பில் இருந்தார். செவ்வாய் காலை ஆறு மணிக்கு நல்லசாமி அலுவலகத்தைத் திறந்துவிட்டார். பாய், தலையணை, அண்டா, குழந்தைகள், கூண்டோடு கோழிகள் எல்லாம் உள்ளே போயின. பால் நிறுக்கும் தராசுமேல் ஒரு குடும்பம் அடுப்பு வைத்தது. சம்பளப் பட்டியல் அலமாரிக்குள் இரண்டு கைக்குழந்தைகளுக்கு ஏணை கட்டினார்கள். முத்தாயியின் மகள் தையல் இயந்திரத்தைக் கிராணியின் மேசைமேல் ஏற்றிவிட்டு, சும்மா இருப்பானேன் என்று ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நல்லசாமி நிற்க இடமில்லாமல் வெளியே நின்றார். பதிவுப்படி அங்கே வசிக்காத ஒரே ஆள் அவர்தான்.

இராஜமாணிக்கம் வாசலில் நின்று எண்ணினார். நூற்று எண்பத்தெட்டு. ஒரு தலை கூடவில்லை, குறையவில்லை. ‘பதிவும் நடப்பும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போன தோட்டத்தை இதுவரை கண்டதில்லை’ என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியதாகச் சிலர் சொன்னார்கள். தராசடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு பாரத்தைப் புரட்டி, “இந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யாரு?” என்று கேட்டார்.

“தலைவர் நாப்பத்தேழு பேரு சார், வீடும் நாப்பத்தேழு,” என்றார் முத்தாயி. அது யார் காதிலும் விழவில்லை. நம்மவர்களிடம் ஒரு பண்பு உண்டு. தலைவர் என்ற சொல் காதில் விழுந்தால், எதற்குத் தலைவர் என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டோம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து அதற்குள் எழுந்து நின்று, இது பற்றி ஒரு குழு அமைப்பது நல்லது என்று பேச ஆரம்பித்திருந்தார்.

அரைமணி நேரத்தில் குழு அமைந்தது. வீரமுத்து தலைவர். துணைத் தலைவர் இருவர், ஆலோசகர் ஐவர், ஒரு காப்பாளர். மாலையில் கோயில் பொருளாளர் தங்கராஜு, தமக்குத் துணைத் தலைவர் பதவிகூடத் தரப்படவில்லை என்பதைக் கொள்கை வேறுபாடாகக் கண்டு, அதே பெயருக்கு முன்னால் ‘உண்மையான’ என்று சேர்த்து இரண்டாவது குழுவை அமைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் ஒன்று சேர்ப்பதற்காக ஒரு மூன்றாவது குழு வந்தது. நாற்பத்தேழு குடும்பங்களில் மொத்தம் அறுபத்தொரு பதவிகள். மூன்று குழுக்களும் சிரம்பானில் ஒரே அச்சகத்தில் தலைப்புத்தாள் அடித்தன. இரண்டு அறை கொண்ட அந்த ஒரே வீட்டுக்குத் தலைவர் யார் என்பதில் எல்லாருக்கும் உறுதியான கருத்து இருந்தது. அது ஏன் ஒரே வீடு என்பது மறந்து போயிற்று.

முத்தாயி லயன் லயனாகப் போய்ப் பேசிப் பார்த்தார். அவருக்கு ஒரு பதவி தருவதாக மூன்று குழுக்களும் சொல்லின.

ஒரு குழுவின்மேல் இன்னொரு குழு மனு அனுப்பியது. மூன்று மனுவும் இலாகாவுக்குப் போயின. தேடுகிறவன் மூன்றிலும் முதல் காற்புள்ளியைத் தேடினான், வெட்டுகிறவன் வெட்டினான், மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஒரே வீட்டுக்குள் ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதுகிறார்கள் என்றால் அது குடும்பத் தகராறு. குடும்பத் தகராறு தீரும்வரை வீடு நிறுத்தி வைக்கப்பட்டது. சுங்கை கெலாடி குடும்பம் குடும்ப நல ஆலோசனைக்கு அனுப்பப்பட்டது.

ஆலோசகர் நீலாவதி மென்மையான குரல் உடையவர். அவருடைய அறையில் எட்டு நாற்காலிகள் இருந்தன. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். நூற்று எண்பத்தெட்டு என்றார்கள். எழுதிக்கொண்டார். பெரிய குடும்பங்களில் மனத்தாங்கல் வருவது இயல்பு என்றும், வாரத்தில் ஒரு நாளாவது அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். நான்கு அமர்வுகளில் வீரமுத்துவும் தங்கராஜுவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீடு வந்ததும் தலைவர் தாம்தான் என்று இருவரும் தனித்தனியே நம்பியதால் அது உண்மையான தழுவலாகவே அமைந்தது.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி நீலாவதி ஒரு தாளை நீட்டினார். ‘நாங்கள் நாற்பத்தேழு பேரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்கிறோம், இனியும் வாழ்வோம்.’ அனைவரும் கையெழுத்திட்டால் சாவி உடனே கிடைக்கும். ஒருவர் விடுபட்டாலும் குடும்பம் ஒன்றுபடவில்லை என்றே பொருள். வீட்டுக்கு ஒருவராக நாற்பத்தாறு பேர் வரிசையில் நின்று போட்டார்கள்.

முத்தாயி போடவில்லை.

“என்னக்கா, பேனா வேணுமா?” என்றார் வீரமுத்து.

“பேனா இருக்கு. அந்த மிஷினு நம்மள ஒரே வீடுன்னு தப்பா சொல்லுச்சு. இதுல போட்டா, அது சொன்னது சரின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்.”

“நாம ஒத்துமையா இருக்கோம்னு எழுதியிருக்கு. அதுல என்னக்கா தப்பு?”

“ஒத்துமையா இருக்கோம்னு எழுது. ஒரே வூட்டுல இருக்கோம்னு ஏன் எழுதுற?”

“இப்ப போய் இலக்கணம் பேசிக்கிட்டு இருக்கீங்களே,” என்றார் தங்கராஜு. “இன்னும் அஞ்சே நாளு. முதல்ல ஒரு வீட்ட வாங்குவோம். அதுக்குள்ள காலு வெச்சுட்டு மத்தத அப்புறம் கேப்போம்.”

“அப்புறம் யாருகிட்ட கேப்ப?”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “இவங்க ஒருத்தவங்களால நாங்க நாப்பத்தாறு குடும்பமும் பிள்ளகுட்டியோட ரோட்டுல நிக்கணுமா?” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். முத்தாயி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு தாளை இழுத்து, நாற்பத்தேழாவது வரியில் நிறுத்தி நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.

மூன்று நாள் கழித்துத் தாளைக் கொண்டுபோய் இராஜமாணிக்கத்திடம் கொடுக்க எல்லாரும் திரண்டு போனார்கள். அவர் மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தார். தம்மிடமும் ஒரு நல்ல செய்தி இருப்பதாகச் சொன்னார். முத்தாயி அன்று பேசியது மனத்தை அறுத்துக்கொண்டே இருந்ததாம். கோலாலம்பூரில் தமக்குப் பயிற்சி கொடுத்தவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். தேடுகிறவனிடம் முதல் கமா என்றுதான் கேட்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது என்றும் கேட்கலாம். முதல் கமாவுக்கும் மூன்றாவது கமாவுக்கும் நடுவில் இருப்பதை வெட்டு என்றும் சொல்லலாம். சொல்லியிருக்கிறார். நாற்பத்தேழு வரிகள் கொண்ட ஒரு நீளத்தாளை விரித்துக் காட்டினார். லயனும் கதவும் ஒன்று பிசகாமல் அச்சாகியிருந்தன. லயன் 6, கதவு 14 முப்பத்தோராவது வரியில் இருந்தது.

முத்தாயி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்போ நாப்பத்தேழு வீடு?”

“குடுத்திருப்போம்மா,” என்றார் இராஜமாணிக்கம், மறு கையில் இருந்த கையெழுத்துத் தாளைப் படித்துக்கொண்டே. “இத நீங்க குடுக்காம இருந்திருந்தா இன்னிக்கே குடுத்திருப்போம். கம்ப்யூட்டர் இப்ப சரியாத்தான் சொல்லுது. நீங்கதான் தப்பா எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“அது சொன்னதத்தானே சார் நாங்க எழுதிக் குடுத்தோம்?”

“அது சொன்னத நான் திருத்தலாம்மா. திருத்திட்டேன். நாப்பத்தேழு பேரு சுயநினைவோட கையெழுத்துப் போட்டுக் குடுத்தத நான் எப்படித் திருத்துவேன்?” அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. “அதுல கை வைக்க எந்த இலாகாவுக்கும் அதிகாரம் கிடையாது. அது உங்க உரிமை.”

அன்று மாலை மூன்று குழுக்களும் முதன்முறையாக ஒன்றாகக் கூடி மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றின. கணினியைத் திருத்தியமைக்காக இலாகாவுக்கு நன்றி. அவசரப்பட்டுக் கையெழுத்திடத் தூண்டியவர்களுக்குக் கண்டனம். ஒற்றுமை கருதிப் பெயர்கள் குறிப்பிடப்படவில்லை. தொடக்கத்திலேயே எச்சரித்த முத்தாயிக்கு மாலை அணிவித்துப் பாராட்டு. மூன்றும் ஏகமனதாக நிறைவேறின. முத்தாயி கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் ஒரு லாரி பிடித்து, மகளையும் பேரப்பிள்ளைகளையும் தையல் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, கோலா சாவாவில் ஒரு மளிகைக்கடையின் பின்கட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டார். போகும்போது யாரிடமும் இடம் சொல்லவில்லை. முப்பதாம் தேதி சொன்னபடி லயன்கள் இடிக்கப்பட்டன.

ஜூலை முதல் தேதி, ரந்தாவ் சாலையோரத்து இரண்டறை வீட்டின் முன்னால் சாவி வழங்கும் விழா நடந்தது. முத்தாயிக்கென்று வாங்கிய ரோஜா மாலை கையில் இருந்தது, ஆள் கிடைக்கவில்லை, வீணாக்குவது முறையல்ல என்று அதை இராஜமாணிக்கத்துக்குப் போட்டார்கள். அவர் நெகிழ்ந்துபோய், இவ்வளவு ஒற்றுமையான ஒரு குடும்பத்தைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று பேசினார். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே இருந்த நாற்பத்தாறு குடும்பங்களும் எழுந்து நின்று கைதட்டின. எழுந்து நின்று என்பது ஒரு மரபுக்காக எழுதியது. உட்காருவதற்கு அவர்களுக்கு இடம் எதுவும் இருக்கவில்லை.